திரும்பி நிற்கும் பல்

2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, மருந்துக்கடையின் மாடியிலுள்ள பல்செட்டுப் பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிந்துவந்த பெண், தன் மேசையில் முடிக்கப்படாத வேலை எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, முதலாளியிடம் சென்று ஒரு மாதம் விடுப்புக் கேட்டாள். உடல்நலக் குறைவோ, வீட்டில் விசேஷமோ, வெளியூர்ப் பயணமோ காரணம் அன்று. பிறகு என்னதான் காரணம் என்று முதலாளி கேட்டபோது, வேலை பிடிக்கவில்லை என்றாள். எந்த வேலை பிடிக்கும் என்று அவர் கேட்டார். அதைத் தேடத்தான் விடுப்பு என்றாள்.

முதலாளி கோபக்காரர் அல்லர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பாரும்மா, மார்ச் பதினொன்னு வரைக்கும் உன் நாற்காலியில வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன். அன்னைக்குக் காலையில நீ வரலேன்னா, ஆள் தேவைன்னு கீழே போர்டு மாட்டிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் சார்."

"சம்பளம் போதலேன்னா வாயைத் திறந்து சொல்லு."

"அதெல்லாம் இல்லை."

"பின்னே என்ன குறை உனக்கு?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அவளுடைய வேலை இன்னதென்று சொல்லிவிட வேண்டும். பல்மருத்துவர்கள், பல்லில்லாத வாய்களில் அச்செடுத்துப் பட்டறைக்கு அனுப்புவார்கள். வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் அவள் ஒரு பித்தளைக் கீலில் பொருத்துவாள். கதவு திறந்து மூடுவதைப்போல அந்தக் கீலும் திறந்து மூடும். இளஞ்சிவப்பு மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, கீலை மூடிப் பார்ப்பாள். எல்லாப் பற்களும் ஒருசேரச் சந்தித்து 'டக்' என்று ஓர் ஓசை எழ வேண்டும். இரண்டு ஓசை கேட்டால் எங்கோ பிசகு. அவளுடைய செட்டுகளில் இரண்டு ஓசை கேட்டதாக வரலாறு கிடையாது. பிறகு மெழுகு போய் பிளாஸ்டிக் வரும், மெருகேறும், நீர் நிரப்பிய டப்பாவில் படுத்துக்கொண்டு செட்டு படியிறங்கிப் போகும். அதன்பின் அது என்ன ஆயிற்று, யார் வாயில் ஏறிற்று, அந்த வாய் அதைக்கொண்டு என்ன தின்றது என்ற செய்தி ஒன்றும் திரும்பி வராது. கிணற்றில் கல்லைப் போட்டவளுக்குத் 'தொபுக்'கென்ற ஓசையாவது கேட்கும். அவளுக்கு அதுவும் இல்லை.

சலிப்பில் அவள் ஒரு குறும்பு செய்துவந்தாள். ஒவ்வொரு செட்டிலும் மேல்வரிசையின் இடப்புறத்து இரண்டாம் பல்லை மயிரிழை திருப்பி வைப்பாள். வரிசையில் நிற்கும் ஒருவர், பின்னால் யார் வருகிறார்கள் என்று சற்றே திரும்பிப் பார்ப்பதைப்போல அது நிற்கும். முதலாளி உட்பட ஒருவரும் அதைக் கண்டதில்லை. தெருவில் அவளுக்குப் 'பல்லக்கா' என்று பெயர்.

அவளுடைய கணவர் வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் பழுது பார்த்துவந்தார். அவள் உள்ளே வந்தபோது ஒரு மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, அதன் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தார்.

"என்ன, அங்கே கரண்ட் இல்லையா?"

"இருக்கு."

"முதலாளிக்கு ஏதாவது...?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. நான்தான் ஒரு மாசம் லீவு போட்டுட்டேன். வேற வேலை பாக்கலாம்னு."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "என்ன வேலை?"

"தெரியல."

"தெரியாத வேலைக்காகத் தெரிஞ்ச வேலையை விட்டுட்டு வந்தியா? வீட்டுல ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க."

"சொல்லுவேன்தான்!"

"அதான் கேக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கும் வேளையா இது என்று அடக்கிக்கொண்டார். மகளுக்குப் பள்ளிப்படிப்பு முடிகிற ஆண்டு. அடுத்து அவள் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அந்தச் செலவைத் தாங்கப்போவது மனைவியின் சம்பளமே என்பது இருவருக்கும் தெரியும். நாற்காலி போய்விட்டால் அதற்கு வழியில்லை. முன்னறைக்கு மெஷினே வராத மாதங்களும் உண்டு; மழை பிடித்துவிட்டால் யாரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

மாலையில் மகள் வந்து செய்தியைக் கேட்டுவிட்டு, காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஒரு வருஷமா என்ன படிக்கப் போறே, என்ன படிக்கப் போறேன்னு ரெண்டு பேரும் என் உயிரை வாங்கினீங்க. நாப்பத்தி நாலு வயசுல அம்மாவுக்கே தெரியலையாம். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"வாயாடி, போய்க் கால் கழுவு" என்றாள் தாய். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது.

முதலில் கணவரின் மேசையிலேயே உட்கார்ந்தாள். பல்செட்டுகளைத் தேய்த்துப் பழகிய கை. ஊசித்தட்டில் விழுந்த கீறல்களை அவள் தேய்த்தெடுத்தபின் நூல் சிக்குவது நின்றது. கணவருக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் மெஷின் கொண்டுவருகிறவர்களை அவள் விடமாட்டாள். என்ன தைக்கிறீர்கள், யாருக்குத் தைக்கிறீர்கள், போன முறை தைத்தது அவருக்குப் பொருந்தியதா, கை தூக்கினால் அக்குளில் பிடித்ததா என்று துருவித்துருவிக் கேட்பாள். ஒரு பெண்மணி தன் மருமகளின் இடுப்பளவைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டுப் பழுதான மெஷினை இறக்கிவைக்க மறந்து வண்டியிலேயே திருப்பிக் கொண்டுபோனார்.

"நாம மெஷினைப் பாக்கறவங்க. துணியைப் பாக்கறவங்க இல்ல" என்றார் கணவர்.

"துணி எப்படி வருதுன்னு தெரியாம மெஷினை எப்படிங்க சரி பண்றீங்க?"

"இருபது வருஷமா இப்படித்தான் பண்றேன். நீ என் அக்கா கடைக்குப் போ. அங்கே ஊரே வரும். உன் கேள்வியெல்லாம் அங்கே வெச்சுக்கோ."

கணவரின் அக்கா கடைத்தெரு முனையில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். கணீரென்ற குரல், மாவு படிந்த புருவம், தன்னைக் காட்டிலும் இரண்டு மடங்கு பருத்த அடுப்பை, பெற்ற பிள்ளையைத் திட்டுவதைப்போலத் திட்டிக்கொண்டே வேலை வாங்குவாள்.

"வாடி பல்லக்கா! பல்லு செய்யறது அலுத்துப்போச்சாம். சரி, பல்லுக்கு வேலை குடுக்கறதைச் செய். அந்த மாவைப் பிசை பாப்போம்."

"எவ்வளவு நேரம் அண்ணி?"

"கை வலிக்கிற வரைக்கும். வலிச்சப்புறம் இன்னும் கொஞ்சம்."

விடியற்காலையில் மாவு பிசைவது, ஊதிய உருண்டைகளைத் தட்டில் அடுக்குவது, அடுப்பின் வாயைத் திறந்து முகம் சிவக்க எட்டிப்பார்ப்பது, வெந்த ரொட்டியின் அடிவயிற்றைத் தட்டி ஓசை கேட்பது என்று எல்லாமே அவளுக்குப் புதுமையாக இருந்தன. ரொட்டியைத் தட்டிக் கேட்பதில் அண்ணியைவிட அவளுக்குக் காது கூர்மை. இதுவாகத்தான் இருக்குமோ என்று இரண்டாம் வாரத்தில் எண்ணவும் தொடங்கினாள். ரொட்டியை வாங்கியவர் கடை வாசலிலேயே பிய்த்துத் தின்கிறார். அவர் முகத்தைப் பார்த்தே ரொட்டியின் கதி தெரிந்துவிடுகிறது. பத்தொன்பது ஆண்டுகளில் இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

அந்த வாரம் மழை விடாமல் தூறிற்று. குடைக்காரர் என்று கடையில் அழைக்கப்படும் பெரியவர் ஒருவர் நாள்தோறும் வருவார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெயிலிலும் மழையிலும் கருங்குடையை விரித்தே பிடித்திருப்பார். கேட்பது எப்போதும் ஒன்றே: அடுப்பிலிருந்து இறங்கியவற்றுள் மிக மெத்தென்ற ரொட்டி.

"பெரியவரே, உங்களுக்குப் பேசாம மாவாவே குடுத்துடறேன். வேகவைக்கிற செலவு மிச்சம்" என்றாள் அண்ணி.

"குடு. அடுப்பைத் திட்டற சத்தமும் எனக்கு மிச்சம்" என்று சொல்லிப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பல்லக்கா கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மேல்வரிசை, இடப்புறம், இரண்டாம் பல். மயிரிழை திரும்பி நின்று அவளைப் பார்த்தது.

பெற்ற பிள்ளையை முதல்முறை பள்ளி மேடையில் பார்க்கும் தாய்க்கு வருவதைப்போல ஒரு பூரிப்பு அவளுக்கு வந்தது. அண்ணியிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெரியவர் ரொட்டியோடு கடைக்கு வெளியே, கூரைக்குக் கீழே கிடந்த பலகையில் போய் உட்கார்ந்தார். குடையைச் சாய்த்துத் தெருவுக்கும் தமக்கும் நடுவே மறைப்பாக வைத்தார். பிறகு வாய்க்குள் விரலை விட்டார்; மேல்செட்டைக் கழற்றினார்; கீழ்ச்செட்டைக் கழற்றினார்; இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரொட்டியைத் தேநீரில் நனைத்து, ஈறுகளால் மசித்து விழுங்கத் தொடங்கினார்.

அவள் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஐயா, பல்லைக் கழட்டிட்டு ஏன் சாப்பிடறீங்க?"

பெரியவர் திடுக்கிட்டு உதட்டை மடித்துக்கொண்டார். "குடை எதுக்கு வெச்சிருக்கேன்? எட்டிப் பாக்கறியே, ஏம்மா?"

"தப்புத்தான். சொல்லுங்க ஐயா, ஏன்?"

"போட்டுக்கிட்டா அதுவும் தின்னாது, என்னையும் தின்ன விடாது. பேச, சிரிக்க, போட்டோவுக்கு நிக்க எல்லாம் அருமையான பல்லு. ஒரு குறை சொல்ல முடியாது. திங்கறதுக்கு மட்டும்தான் ஆகாது."

"டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேனே. பழகிடும்னாங்க. நாலு வருஷமாப் பழகிக்கிட்டிருக்கோம், நானும் அதுவும். சேர்ந்து வாழறோம், ஒத்துப்போகல."

அவள் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். "அதைச் செஞ்சது நான்தாங்க ஐயா."

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? ரொட்டி போடறவ இல்ல நீ?"

"இப்பத்தான் ரெண்டு வாரமா."

"பல்லையும் நீயே செஞ்சு, அதுக்கேத்த மெத்து ரொட்டியையும் நீயே போடறியா? நல்ல வியாபாரம்மா!"

அவளுக்கு முகம் சிவந்தது. ஆனால் வெட்கத்தைவிட வேறொன்று மேலோங்கி நின்றது. உள்ளே போய், ஓரம் முறுகிய ரொட்டித்துண்டு ஒன்றை எடுத்துவந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை செட்டைப் போட்டுக்கிட்டு இதைக் கடிங்க. நான் பாக்கணும்."

"எனக்கென்ன லாபம்?"

"கிரீம் கேக்கு. பெரிய துண்டு."

"கழட்டிட்டுத் திங்கலாமில்ல?"

"தாராளமா."

பெரியவர் செட்டைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொட்டியின் ஓரத்தைக் கடித்தார். அவள் குனிந்து, தன் மூக்கு அவர் கன்னத்தில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள். தாடை மேலும் கீழும் போனவரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. 'டக்' என்ற அதே ஓசை, ஒரே ஓசை. பிறகு அவர் அரைக்கத் தொடங்கினார். தாடை பக்கவாட்டில் நகர்ந்தது. கடைவாய்ப் பல்லின் மேட்டில் எதிர்ப்பல்லின் மேடு முட்டிற்று. மேல்செட்டு ஒருபுறம் எழும்பி மறுபுறம் சரிந்து நாக்கின்மேல் விழுந்தது.

"பாத்தியா?" என்றார் பெரியவர், வாயைப் பொத்திக்கொண்டு.

"இன்னொரு தடவை ஐயா."

"கேக்கு ரெண்டு துண்டு."

பித்தளைக் கீல் கதவைப்போலத் திறந்து மூடும். மனிதர் வாய் கதவன்று. இதை அறியாதவள் அல்லள் அவள். அவளுக்கும் வாய் உண்டு. நாள்தோறும் அதைக்கொண்டு மென்றுதான் உண்டாள். ஆனாலும் மேசைமேல் வைத்த கீல் எப்படி அசைந்ததோ அப்படித்தான் உலகம் மெல்லும் என்று பத்தொன்பது ஆண்டுகளாக நம்பி, அந்த 'டக்' ஓசையோடு தன் காதை மூடிக்கொண்டிருந்தாள். தன் வேலையில் இனி அறிய ஒன்றுமில்லை என்பதாலேயே அது சலித்துவிட்டதென்று எண்ணியிருந்தாள். அந்த எண்ணம் பலகையில் உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டங்கண்டது.

அன்றிரவு உணவின்போது மகளுக்கு முதலில் சந்தேகம் வந்தது.

"அம்மா, ஏன் என் வாயையே பாக்கறீங்க?"

"நீ சாப்பிடு."

"எப்படிச் சாப்பிடறது? பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் நிக்கிற மாதிரி இருக்கு."

"நீ வட்டமா மெல்றே. அப்பா பாரு, ஒரு பக்கமாவே தள்ளறாரு. ஏங்க, வலப்பக்கம் ஏன் மெல்ல மாட்டேங்கறீங்க?"

கணவர் விழுங்கினார். "யார் சொன்னா?"

"அவிச்ச பீன்ஸைக்கூட இடப்பக்கம் தள்றீங்க. வாயைத் திறங்க."

"சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடியா?"

"திறங்கங்கறேன்!"

கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது. பல மாதங்களாக மறைத்துவந்திருந்தார். மகள் கைகொட்டிச் சிரித்தாள். பல்லக்காவின் வீட்டிலேயே சொத்தைப் பல்லா என்று தெருவில் சொல்லப்போவதாக மிரட்டினாள். கணவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மனைவியின் முகத்தைத்தான் கவனித்தார். அதில் கோபம் இல்லை. ஒரு மெஷின் எதனால் நூலை அறுக்கிறது என்று கண்டுபிடித்த நாளில் தம் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றிற்று.

மறுநாள் அவள் பட்டறைக்குப் போனாள். முதலாளி மகிழ்ந்துபோய் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"சார், நாம செஞ்ச பல்லைப் போட்டுக்கிட்டு யாராவது திங்கறாங்களான்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் ஏம்மா பாக்கணும்? பிளாஸ்டர் வரைக்கும்தான் நம்ம எல்லை. வாய் டாக்டரோடது."

"வாரத்துல ரெண்டு நாள் நான் டாக்டர் ரூம்ல நிக்கணும் சார். செட்டு மாட்டும்போது பாக்கணும்."

"நல்லா இருக்கே! போன மாசம் வேலை பிடிக்கலேன்னே. இந்த மாசம் அடுத்தவங்க வேலை பிடிச்சிருக்கா? ரெண்டு நாள் நாற்காலி காலியாக் கிடந்தா என் பட்டறை என்னாகிறது?"

நியாயமான கேள்விதான். அவள் படியிறங்கி, பட்டறைக்கு அதிக வேலை அனுப்பும் பல்மருத்துவரைப் பார்க்கப் போனாள். மருத்துவர் இளவயதுப் பெண்மணி. காத்திருப்போர் வரிசை படிக்கட்டுவரை நீண்டிருந்தது. உள்ளே அழைக்கப்பட்டபோது குடைக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அவர் கேக்கு பெற்ற கடனைக் கழிக்க வந்திருந்தார்.

மருத்துவர், பல் முட்டும் இடத்தில் மை ஒட்டும் வண்ணத்தாளைப் பற்களிடையே வைத்து அரைக்கச் சொன்னார். கடைவாய் மேடுகளில் நீலப்புள்ளிகள் விழுந்தன. எந்த மேட்டைத் தேய்க்கலாம், எதைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சுட்டிக்காட்ட, பல்லக்கா தேய்த்தாள். மறுபடி தாள், மறுபடி தேய்ப்பு. நெடுநேரத்துக்குப் பிறகு பெரியவர் சட்டைப்பையிலிருந்து முறுகிய ரொட்டித்துண்டை எடுத்துக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு அரைத்தார்.

"எப்படி இருக்கு?" என்று இருவரும் ஒருசேரக் கேட்டனர்.

"இரும்மா... பேசினா தெரியாது." விழுங்கினார். "முழுசா ஒத்துப்போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பேச்சுவார்த்தை ஆரம்பிச்சிருக்கு."

மருத்துவர் சிரித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "பழகிடும்னு நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்! திரும்பி வரலேன்னா சரியாப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். நீங்க வந்து நில்லுங்க. ஆனா சம்பளம் குடுக்க இப்ப என்னால முடியாது."

பல்லக்கா செட்டைக் கழுவிக் கொடுக்கும்போது, அந்தத் திரும்பிய பல் கண்ணில் உறுத்திற்று. "ஐயா, இதையும் நேராக்கிப் புதுசா வெச்சுக் குடுத்துடவா?"

பெரியவர் வெடுக்கென்று செட்டைப் பிடுங்கிக்கொண்டார். "அதைத் தொட்டே, பாரு! அந்த ஒண்ணுதான் நெஜப் பல்லு மாதிரி இருக்கு."

வீட்டில் மூன்று நாள் பேச்சு நடந்தது. சம்பளமில்லாத இரண்டு நாள்களை எதைக்கொண்டு ஈடுகட்டுவது என்று கணவர் கேட்டார். அண்ணி வந்து, தன் கடையில் விடியற்காலை மாவு பிசைய எப்போதும் கை வேண்டும் என்றாள். "ஆனா ஒண்ணு. திங்கறவங்க வாயைப் பாக்கக் கூடாது. நேத்து ஒருத்தன் பயந்துபோய்ப் பாக்கி சில்லறையைக்கூட வாங்காம ஓடிட்டான்."

"அப்ப இதுதான் உனக்குப் பிடிச்ச வேலையா?" என்று கணவர் தனியாகக் கேட்டார். "இனிமே திருப்தியா?"

"அது இன்னும் தெரியலைங்க. ஆனா நாளைக்குப் போகணும் போல இருக்கு. அப்படி இருந்து ரொம்ப நாளாச்சு."

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை அவள் பட்டறைக்குச் சென்றாள். அதிக வேலை அனுப்பும் மருத்துவரே சம்மதித்துவிட்டதால் முதலாளியும் இறங்கிவந்தார். முடிவாக ஒப்புக்கொள்ளப்பட்டவை பின்வருமாறு. செவ்வாயும் வெள்ளியும் அவள் மருத்துவரின் அறையில் நிற்பாள். மற்ற நாள்களில் பட்டறையில் இருப்பாள். அந்த இரண்டு நாள்களின் சம்பளத்தை முதலாளி பிடித்துக்கொள்வார். அவ்விரு நாள்களிலும் விடியற்காலை ரொட்டிக்கடைக்குச் செல்வாள். மருத்துவரின் அலமாரியில் பயனின்றிக் கிடந்த, பக்கவாட்டிலும் அசையக்கூடிய கீல் ஒன்று பட்டறைக்கு இரவலாக வரும். முதலாளி அதற்கு இடம் தருவார், அவர் அதைத் தொடமாட்டார். ஆறு மாதம் கழித்து எல்லாரும் மறுபடி உட்கார்ந்து பேசுவார்கள். கணவர் தம் சொத்தைப் பல்லை வரும் வெள்ளிக்கிழமை காட்டுவார். மகள் தான் என்ன படிப்பதென்பதை இப்போதைக்குச் சொல்வதாக இல்லை; அதைக் குறித்து வீட்டில் இனி யாரும் அவளைக் கேட்பதில்லை என்றும் தீர்மானமாயிற்று.